இணையக் கடையை வேறு தளத்துக்கு மாத்தணுமா? எப்போ மாறலாம், எப்போ பொறுக்கலாம்?

தீபாவளிக்கு இன்னும் 3 வாரம். இன்ஸ்டகிராமில் 46 செய்திகள் படிக்காமல் கிடக்கின்றன.

"அக்கா, அந்தப் பச்சைக் கல் ஜிமிக்கி இன்னும் இருக்கா?" என்று ஒருவர் கேட்கிறார். "பேநவ் பண்ணிட்டேன், பாத்தீங்களா?" என்று இன்னொருவர். ஒரே ஜிமிக்கியை இரண்டு பேருக்கு விற்றுவிட்டீர்கள் என்பது நள்ளிரவில்தான் உங்களுக்கே தெரிகிறது.

அந்த நேரத்தில் மனத்தில் தோன்றுவது இதுதான்: "போதும்! நாளைக்கே ஒழுங்கா ஒரு வெப்சைட் போட்டு எல்லாத்தையும் மாத்திடணும்."

கொஞ்சம் பொறுங்க. மாறவேண்டும் என்ற எண்ணம் சரியாக இருக்கலாம். ஆனால் "நாளைக்கே" என்பது பெரும்பாலும் தவறு.

நகை, சேலை, முறுக்கு, மருதாணி, கைவினைப் பொருள் என்று வீட்டிலிருந்தபடியே விற்கும் இளையர்கள் இங்கு நிறையப் பேர். வியாபாரம் கொஞ்சம் வளர்ந்ததும் எல்லாருக்கும் வரும் கேள்வி: இருக்கும் தளத்திலேயே தொடர்வதா, வேறு தளத்துக்குப் போவதா?

அதற்கு எப்படி விடை காண்பது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், நீங்கள் இப்போது எங்கே விற்கிறீர்கள்?

இணையத்தில் விற்கும் இடங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

ஒன்று, சமூக ஊடகம். இன்ஸ்டகிராமிலோ ஃபேஸ்புக்கிலோ படம் போடுகிறீர்கள். வாட்ஸ்அப்பில் ஆர்டர் வருகிறது. பேநவ் வழியாகப் பணம் வருகிறது. செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஆனால் எல்லா வேலையும் உங்கள் கையால்தான் நடக்கவேண்டும்.

இரண்டு, இணையச் சந்தை. ஷோப்பி, லஸாடா, கேரோசல், டிக்டாக் ஷாப் போன்றவை. லிட்டில் இந்தியாவில் தீபாவளிச் சந்தை போடுவார்களே, அதில் ஒரு கடையை வாடகைக்கு எடுப்பது மாதிரி. கூட்டம் தானாக வரும். அதற்குப் பதிலாகக் கட்டணம் கொடுக்கவேண்டும், சந்தையின் விதிகளுக்கு உட்படவேண்டும்.

மூன்று, சொந்த இணையக் கடை. ஷாப்பிஃபை போன்ற சேவையில் மாதச் சந்தா கட்டி நடத்தலாம். தொழில்நுட்ப வேலைகளை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அல்லது வேர்ட்பிரஸ் மென்பொருளுடன் இயங்கும் வூகாமர்ஸைப் பயன்படுத்தலாம். அதன் அடிப்படை மென்பொருள் இலவசம். ஆனால் தளத்தை வைத்திருக்கும் இடத்துக்கு வாடகை, பாதுகாப்பு, அவ்வப்போது வரும் புதுப்பிப்புகள் எல்லாம் உங்கள் பொறுப்பு.

சொந்தக் கடையில் உங்கள் விதிதான் விதி. ஆனால் அது சந்துக்குள் மாடியில் இருக்கும் கடை மாதிரி. நீங்கள் சொல்லி அழைத்தால்தான் ஆள் வரும்.

ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்குப் போவதும் இடமாற்றம்தான். ஒரே வகைக்குள் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதும் இடமாற்றம்தான். இரண்டுக்கும் கேட்கவேண்டிய கேள்விகள் ஏறக்குறைய ஒன்றே.

மாறவேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதற்கு என்ன அறிகுறி?

1. விற்பதைவிட எழுதிவைப்பதற்கே அதிக நேரம் போகிறது

வந்த ஆர்டரைத் தாளில் எழுதி, பணம் வந்ததா என்று வங்கிச் செயலியில் பார்த்து, முகவரியைக் கூரியர் பக்கத்தில் தட்டி, கையிருப்பைக் குறைத்து... ஓர் ஆர்டருக்கு 7 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 20 ஆர்டர் என்றால் 2 மணி நேரம் 20 நிமிடம். சமாளிக்கலாம்.

மாதம் 120 ஆர்டர்? 14 மணி நேரம். கிட்டத்தட்ட இரண்டு வேலை நாள் எழுதுவதிலேயே போய்விடுகிறது. அதோடு, களைப்பில் செய்யும் தவறுகள் வேறு.

2. உங்கள் பொருளை விற்கும் விதத்துக்குத் தளம் இடம்கொடுக்கவில்லை

வளையலுக்கு அளவு தேர்ந்தெடுக்கவேண்டும். முறுக்குக்கு எந்தத் தேதியில் டெலிவரி என்று வாடிக்கையாளர் சொல்லவேண்டும். ஜொகூரிலிருந்து கேட்பவருக்கு விலையை ரிங்கிட்டில் காட்டவேண்டும். இதெல்லாம் எப்போதாவது ஒருமுறை என்றால் பரவாயில்லை. தினமும் யாராவது இதே கேள்வியைக் கேட்டு, பதில் வருவதற்குள் போய்விடுகிறார்கள் என்றால் அது இழந்த விற்பனை.

3. கட்டணம் லாபத்தைத் தின்கிறது

விற்பனை கூடக்கூடக் கையில் மிஞ்சுவது கூடவில்லை என்றால் எங்கே கசிகிறது என்று பாருங்கள். கமிஷன், பணம் பெறும் கட்டணம், விளம்பரம், கட்டாயத் தள்ளுபடி எல்லாவற்றையும் கூட்டி, ஓர் ஆர்டருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்கவேண்டும்.

4. தளமே கடையைக் கட்டப்போகிறது

இது நடக்காது என்று நினைக்காதீங்க. மெஜென்டோ 1 என்ற கடை மென்பொருளை உலகெங்கும் ஏராளமான வர்த்தகர்கள் பயன்படுத்தினார்கள். 2020 ஜூன் 30ஆம் தேதியுடன் அதற்கான ஆதரவு நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகும் அதில் கடை நடத்தியவர்களுக்கு அதிகாரபூர்வப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கவில்லை.

ஃபேஸ்புக் தனது நேரலை விற்பனை வசதியை 2022 அக்டோபர் 1ஆம் தேதி மூடியது. நேரலை செய்யலாம். ஆனால் காணொளிக்குள்ளேயே பொருளைச் சுட்டிக்காட்டி விற்கும் வசதி போய்விட்டது. சிறிய கடைகள் கூகலில் இலவசமாக உருவாக்கி வைத்திருந்த எளிய இணையப் பக்கங்களும் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டன.

முதல் மூன்று அறிகுறிகளில் நேரம் உங்கள் கையில். நான்காவதில் தளம்தான் தேதியை முடிவுசெய்கிறது. அறிவிப்பு வந்த அன்றே வேலையைத் தொடங்கவேண்டிய ஒரே சூழ்நிலை இதுதான்.

பணம் யார் கையில் இருக்கிறது?

அறிவிப்பே இல்லாமலும் நிலைமை மாறலாம். சிங்கப்பூர் வர்த்தகர்கள் அதை 2024இல் பார்த்தார்கள்.

கியூடென் இங்கு 2010இல் தொடங்கிய இணையச் சந்தை. ஒரு காலத்தில் சிங்கப்பூரர்கள் அதிகம் பயன்படுத்தியவற்றில் அதுவும் ஒன்று. 2024இன் நடுப்பகுதியிலிருந்து, விற்ற பொருளுக்கான பணம் வரவில்லை என்று வர்த்தகர்கள் புகார் கூறத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில், கட்டணச் சேவைகளை நிறுத்திவைக்குமாறு சிங்கப்பூர் நாணய ஆணையம் அதற்கு உத்தரவிட்டது. நவம்பரில் நிறுவனத்தைக் கலைக்க உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.

அங்கு விற்றவர்களுக்கு நேர்ந்ததைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பொருள் வாடிக்கையாளரிடம் போய்விட்டது. வாடிக்கையாளர் பணத்தைக் கட்டிவிட்டார். நடுவில் இருந்த தளத்திடமிருந்துதான் பணம் வரவில்லை.

இதனால் எல்லா இணையச் சந்தையும் ஆபத்து என்று அர்த்தமில்லை. ஆனால் எந்தத் தளத்திலும் கவனிக்கவேண்டிய ஓர் எண் உண்டு. விற்ற நாளுக்கும் பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும் நாளுக்கும் இடையே எத்தனை நாள்? வழக்கமாக 7 நாளில் வந்த பணம் 12 நாளாகி, பிறகு 20 நாளானால் அது சாதாரணத் தாமதம் இல்லை. காரணம் கேளுங்கள். பதில் தெளிவாக இல்லை என்றால் விலையுயர்ந்த பொருள்களை அங்கு விற்பதைக் குறையுங்கள். எடுக்க முடிந்த பணத்தை எடுத்துவிடுங்கள்.

மாறினாலும் தீராத பிரச்சினைகள்

புதிய தளத்தின் விளம்பரத்தைப் பார்த்தால் எல்லாக் குறைக்கும் அதுதான் மருந்து என்று தோன்றும். ஆனால் சில குறைகள் தளத்தில் இல்லை. அவை உங்களோடு சேர்ந்தே புது வீட்டுக்குக் குடிவரும்.

பக்கம் திறக்க நேரமாகிறதா? கைப்பேசியில் எடுத்த படங்களைச் சுருக்காமல் அப்படியே ஏற்றியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அதைச் சரிசெய்ய ஒரு சனிக்கிழமை மாலை போதும்.

பொருளைக் கூடையில் போட்டவர்கள் பணம் கட்டாமல் போகிறார்களா? கடைசிப் பக்கத்தில்தான் டெலிவரிக் கட்டணம் தெரிகிறது என்றால் எந்தத் தளத்திலும் ஆள் ஓடத்தான் செய்வார். கட்டணத்தை முதல் பக்கத்திலேயே எழுதிப் பாருங்கள்.

கடைக்கு ஆளே வருவதில்லையா? சந்தையைவிட்டுச் சொந்தக் கடைக்குப் போனால் வருகை இன்னும் குறையவே வாய்ப்பு.

"பாத்து பாத்துப் போரடிக்குது" என்பதுதான் காரணமா? கடையைத் தினமும் பார்ப்பது நீங்கள். வாடிக்கையாளர் ஆண்டுக்கு இரண்டு முறைதான் பார்க்கிறார்.

ஒரு சின்னச் சோதனை செய்யலாம். உங்கள் குறைகளைப் பட்டியல் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், இதே தளத்தில் இதைச் சரிசெய்ய முயன்றேனா என்று எழுதுங்கள். முயன்றும் முடியாதவை மட்டுமே மாறுவதற்கான காரணங்கள்.

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

இது ஓர் உதாரணம்தான். எண்களை மாற்றி உங்கள் கடைக்கு ஏற்றபடி போட்டுக்கொள்ளுங்கள்.

ஓர் ஆர்டரின் சராசரி மதிப்பு 35 வெள்ளி. இணையச் சந்தை எல்லாக் கட்டணமும் சேர்த்து 10 விழுக்காடு எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆர்டருக்கு 3 வெள்ளி 50 காசு.

சொந்தக் கடையில் மாதச் சந்தா 45 வெள்ளி. அட்டை வழி பணம் பெற 3.4 விழுக்காடும் அதோடு 50 காசும் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆர்டருக்கு 1 வெள்ளி 69 காசு.

ஆக, ஓர் ஆர்டருக்கு மிச்சம் 1 வெள்ளி 81 காசு. 45 வெள்ளிச் சந்தாவை ஈடுகட்டவே மாதம் 25 ஆர்டர் வேண்டும்.

மாதம் 20 ஆர்டர் உள்ளவர் மாறினால், சேமிப்பதற்குப் பதிலாக மாதம் கிட்டத்தட்ட 9 வெள்ளி கூடுதலாகச் செலவழிப்பார். அவர் இருக்கும் இடத்திலேயே இருப்பது நல்லது.

மாதம் 120 ஆர்டர் உள்ளவருக்குச் சந்தா போக மாதம் ஏறக்குறைய 172 வெள்ளி மிஞ்சும். "அப்போ மாறிடலாம்தானே?" என்று கேட்பீர்கள். இன்னும் இல்லை. மாறுவதற்கான செலவைச் சேர்க்கவில்லையே.

பொருள்களை ஏற்றி, படங்களை ஒழுங்குபடுத்தி, சோதித்துப் பார்க்க 60 மணி நேரம். உங்கள் நேரத்துக்கு மணிக்கு 12 வெள்ளி என்றால் 720 வெள்ளி. வடிவமைப்புக்கு உதவி செய்பவருக்கு 500 வெள்ளி. மாறிய முதல் இரண்டு மாதம் விற்பனை ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். பொருளில் 40 விழுக்காடு லாபம் கிடைக்கும் கடைக்கு அது 672 வெள்ளி லாப இழப்பு.

மொத்தம் 1,892 வெள்ளி. மாதம் 172 வெள்ளி மிச்சம் என்றால் போட்டதை எடுக்கவே 11 மாதம் ஆகும்.

இதில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. சந்தை வாங்கும் 10 விழுக்காட்டில் கூட்டத்தை அழைத்துவரும் வேலையும் அடக்கம். சொந்தக் கடையில் அதற்கு நீங்கள் விளம்பரம் கொடுக்கவேண்டும். மாதம் 172 வெள்ளிக்கு மேல் விளம்பரத்துக்குப் போனால் மிச்சமே இல்லை.

அதனால் 120 ஆர்டரில் எத்தனை, ஏற்கனவே உங்களிடம் வாங்கியவர்களிடமிருந்து வருகிறது என்று எண்ணுங்கள். அவர்கள் உங்கள் பெயரைத் தேடி வருபவர்கள். எங்கே போனாலும் கூட வர வாய்ப்பிருக்கிறது. மற்றவர்கள் "ஜிமிக்கி" என்று தேடி, படத்தைப் பார்த்து வாங்கியவர்கள். அவர்கள் சந்தையிலேயே இருந்துவிடுவார்கள்.

பாதிக்கு மேல் திரும்ப வருபவர்கள் என்றால் சொந்தக் கடையைத் தைரியமாக யோசிக்கலாம். பத்தில் ஒருவர்தான் திரும்ப வருகிறார் என்றால் முதலில் அந்த எண்ணிக்கையைக் கூட்டும் வழியைப் பாருங்கள்.

ஒன்றை விட்டுத்தான் இன்னொன்றுக்குப் போகவேண்டும் என்று கட்டாயமும் இல்லை. புதியவர்களுக்குச் சந்தை, பழகியவர்களுக்குச் சொந்தக் கடை என்று இரண்டையும் நடத்தலாம். ஆனால் கையிருப்பு இரண்டு இடத்திலும் ஒன்றாகக் குறையவேண்டும். இல்லாவிட்டால் அதே பச்சைக் கல் ஜிமிக்கிக் கதைதான்.

எதை எடுத்துப் போகலாம், எதை முடியாது?

வீடு மாறும்போது சோபாவைத் தூக்கிக்கொண்டு போகலாம். சுவரில் பதித்த அலமாரியைக் கொண்டுபோக முடியாது. கடையும் அப்படித்தான்.

எடுத்துப் போகக்கூடியவை: பொருள்களின் பெயர், விலை, விளக்கம், படங்கள். பல தளங்கள் இவற்றைச் சிஎஸ்வி எனும் அட்டவணைக் கோப்பாகத் தருகின்றன. பழைய ஆர்டர்களின் பட்டியலையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் வர்த்தகக் கணக்குப் பதிவுகளைக் குறைந்தது 5 ஆண்டு வைத்திருக்கவேண்டும். பழைய தளத்தில் கணக்கை மூடிய பிறகு "அந்த ரசீதெல்லாம் போச்சே" என்று வருந்தக்கூடாது.

எடுத்துப் போக முடியாதவை: இணையச் சந்தையில் நீங்கள் சேர்த்த நட்சத்திரங்களும் கருத்துகளும் அங்கேயே தங்கிவிடும். வாடிக்கையாளர்களின் கடவுச்சொற்களும் பொதுவாக மாறி வராது. அவை யாரும் படிக்க முடியாத வடிவில் சேமிக்கப்படுவதுதான் காரணம். ஆகவே அவர்கள் புதிதாகக் கடவுச்சொல் அமைக்கவேண்டியிருக்கும். அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் மின்னஞ்சலை மோசடி என்று நினைத்து அழித்துவிடுவார்கள்.

கவனமாகக் கையாளவேண்டியவை: வாடிக்கையாளர்களின் பெயர், கைப்பேசி எண், முகவரி. பொருள் அனுப்பத் தந்த எண்ணை விளம்பரம் அனுப்பப் பயன்படுத்துவது வேறு விஷயம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி, எந்த நோக்கத்துக்குத் தகவல் தரப்பட்டதோ அதற்குத்தான் பயன்படுத்தவேண்டும். புதிய நோக்கத்துக்குப் பொதுவாக ஒப்புதல் தேவை. பல இணையச் சந்தைகள், அங்குள்ள வாடிக்கையாளர்களை வெளியே இழுத்து விற்பதையும் தடைசெய்கின்றன. விதிமுறைகளைப் படிக்காமல் எல்லாருக்கும் செய்தி அனுப்பி, இருக்கும் கணக்கையும் இழந்துவிடாதீங்க.

இதிலிருந்து ஒரு பழக்கம் பிறக்கவேண்டும். மாறப்போகிறீர்களோ இல்லையோ, விரும்புபவர்களின் மின்னஞ்சல் முகவரியை இன்றிலிருந்தே ஒப்புதலோடு சேர்த்துவாருங்கள். கடையின் பெயரில் ஓர் இணைய முகவரியை உங்கள் சொந்தக் கணக்கில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் பெயரிலோ வடிவமைப்பாளர் பெயரிலோ வேண்டாம். முகவரி உங்களுடையது என்றால், பின்னால் இருக்கும் தளம் எத்தனை முறை மாறினாலும் வாடிக்கையாளருக்கு வாசல் ஒன்றுதான்.

எந்த மாதம் நல்லது?

நம் கடைகள் பலவற்றுக்குப் பருவம் என்றால் தீபாவளிதான். அது அக்டோபரிலோ நவம்பரிலோ வரும். அதே நேரத்தில் 10.10, 11.11, 12.12 என்று இணையச் சந்தைகளின் மலிவு விற்பனைகளும் வரிசை கட்டும். டிசம்பரில் கூரியர் நிறுவனங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஜனவரி நடுவில் பொங்கல்.

மாறவேண்டும் என்ற வேகம் உச்சத்தில் இருப்பது இந்த மாதங்களில்தான். ஏனென்றால் தளத்தின் குறைகள் எல்லாம் அப்போதுதான் பல்லைக் காட்டும். ஆனால் ஒரு நாள் கடை மூடினாலும் அதிக இழப்பு வருவதும் இதே மாதங்களில்தான்.

அதனால் வேலையை இரண்டாகப் பிரியுங்கள். பருவத்தில் குறித்துவையுங்கள், பருவம் முடிந்ததும் மாறுங்கள்.

தீபாவளியை நம்பியிருக்கும் கடை என்றால் இப்படித் திட்டமிடலாம். பொங்கலுக்குப் பிறகு குறிப்புகளைப் பார்த்து முடிவெடுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் இரண்டு மூன்று தளங்களை இலவசச் சோதனைக் காலத்தில் முயன்று பாருங்கள். மே முதல் ஜூலைக்குள் மாறிவிடுங்கள். ஆகஸ்ட்டுக்குப் பிறகு பெரிய மாற்றம் எதிலும் கைவைக்காதீர்கள்.

இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்கள் பரீட்சை வாரங்களையும் நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். ஹரி ராயாவுக்கோ சீனப் புத்தாண்டுக்கோ விற்பவர்களின் கணக்கு வேறாக இருக்கும். ஆனால் விதி ஒன்றுதான்: பெரிய பண்டிகைக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே எல்லாம் முடிந்திருக்கவேண்டும்.

மாறும் வாரத்தில் என்ன செய்வது?

பொருள்களில் ஐந்தை மட்டும் முதலில் ஏற்றிப் பாருங்கள். தமிழ் எழுத்துகள் ஒழுங்காகத் தெரிகின்றனவா? அளவும் நிறமும் சரியாக வருகின்றனவா? பிறகு மற்றவை.

நீங்களே வாடிக்கையாளராகி வாங்கிப் பாருங்கள். அட்டை வழி ஒன்று, பேநவ் வழி ஒன்று. பணம் வங்கிக்கு வரும்வரை காத்திருங்கள். பிறகு அதைத் திருப்பிக் கொடுத்தும் பாருங்கள். அம்மாவிடம் கைப்பேசியைக் கொடுத்து, எதுவும் சொல்லித்தராமல் ஒரு பொருள் வாங்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கேதான் வாடிக்கையாளர்களும் தடுமாறுவார்கள்.

உங்களுக்கு ஏற்கனவே சொந்த இணையப் பக்கம் இருந்தால், பழைய பக்க முகவரிகள் ஒவ்வொன்றையும் புதிய பக்கத்துக்குத் திருப்பிவிடும் ஏற்பாட்டைச் செய்யவேண்டும். இதை ரீடைரெக்ட் என்பார்கள். அது இல்லாவிட்டால் கூகலில் உங்களைக் கண்டுபிடித்தவர் தட்டியதும் 'பக்கம் இல்லை' என்று வரும். இந்த ஏற்பாட்டைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கக் கூகல் பரிந்துரைக்கிறது.

இணைய முகவரியைப் புதிய தளத்துக்குத் திருப்பும் மாற்றம் எல்லாருக்கும் போய்ச் சேரச் சில மணி நேரத்திலிருந்து இரண்டு நாள்வரை ஆகலாம். ஆர்டர் குறைவாக வரும் நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். அந்த இரண்டு நாளும் பழைய கடையைத் திறந்தே வைத்திருங்கள். இரண்டு பக்கமும் ஆர்டர் வரலாம்.

பழைய தளத்தில் பாக்கிப் பணம் முழுவதும் வந்து, திருப்பி அனுப்பும் காலமும் முடிந்த பிறகுதான் அந்தக் கணக்கை மூடவேண்டும். ஒரு மாதச் சந்தா கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை.

மாறிய பிறகு, பழைய எண்களோடு ஒப்பிடுங்கள். வாரத்துக்கு எத்தனை ஆர்டர்? ஓர் ஆர்டருக்கு எத்தனை நிமிடம்? பணம் வர எத்தனை நாள்? முதல் மாதம் எண்கள் இறங்கினால் பயப்படாதீங்க, அதைத்தான் கணக்கில் சேர்த்துவிட்டோமே. மூன்று மாதமாகியும் ஏறவில்லை என்றால் எங்கே இடிக்கிறது என்று தேடவேண்டும்.

சரி, இன்றிரவு என்ன செய்வது?

மறுபடியும் அந்த நள்ளிரவுக்கு வருவோம். 46 செய்திகள். ஒரே ஜிமிக்கிக்கு இரண்டு பேர்.

முதலில் பணம் கட்டியவருக்கு ஜிமிக்கி. அடுத்தவரிடம் மன்னிப்புக் கேட்டு, பணத்தை உடனே திருப்பி அனுப்புங்கள். அவர் முகத்தில் சிரிப்பு வர ஒரு சின்னத் தள்ளுபடியும் கொடுக்கலாம்.

பிறகு ஒரு குறிப்பேட்டையோ கைப்பேசியையோ எடுத்து இன்றைய தேதியைப் போட்டு எழுதுங்கள்: ஒரே பொருளை இருவருக்கு விற்றேன், சரிசெய்ய 40 நிமிடம், இழப்பு 8 வெள்ளி. நாளை வேறு ஏதாவது நடந்தால் அதையும் எழுதுங்கள். தீபாவளிவரை எழுதிக்கொண்டே வாருங்கள்.

பொங்கல் முடிந்து, வீடு அமைதியான ஒரு மாலையில் அதைத் திறந்து பாருங்கள். மூன்று வரிதான் இருக்கிறது என்றால் உங்களுக்குத் தேவைப்பட்டது கொஞ்சம் தூக்கம் மட்டுமே. மூன்று பக்கம் நிறைந்திருக்கிறது என்றால், மாறுவதற்கான காரணங்களை எழுதியாகிவிட்டது. அடுத்த தீபாவளிக்கு இன்னும் நிறைய மாதம் இருக்கிறது. அப்போது தொடங்குங்கள்.